எதிர்க்கடை அமலி

சாஞ்சுக்கோம்மா. கழுத்த நேரா வை. மேல்தோல நீ ஒரு விரலால இழுத்துப் பிடி, இமைய மூடிக்கோ. அப்படியே இரு. பேசாத. பேசினா நூல் தோல்ல மாட்டும், அப்புறம் ஜெயக்கொடி அக்கா கடைக்குப் போனேன், ரத்தம் வந்துச்சுன்னு ஊரெல்லாம் சொல்லுவ. நான் பேசறேன், நீ கேளு. வாயில நூலக் கடிச்சுக்கிட்டே எப்படிப் பேசறேன்னு எல்லாரும் கேப்பாங்க. அது பழக்கம்தான்.

எதிர்க்கடை அக்கா ஏன் ஆறு மணிக்கே ஷட்டர இறக்கிடறாங்கன்னு கேட்ட இல்ல? பொதுவா நான் அடுத்தவங்க விசயத்தப் பேசற ஆள் கிடையாது. ஆனா அவளே சொல்லச் சொல்லிட்டா. யார் கேட்டாலும் உள்ளத உள்ளபடி சொல்லணும்னு எனக்கு உத்தரவு. அதனால சொல்றேன்.

அமலோற்பவம் அவ முழுப் பேரு. அமலின்னு சுருக்கினதே நான்தான். என்கிட்ட வேலைக்கு வந்தப்ப நூல எந்தக் கையில பிடிக்கறதுன்னு கூட அவளுக்குத் தெரியாது. என் கால் முடியிலதான் பழகினா. முழங்காலுக்குக் கீழ இன்னிக்கும் எனக்கு ஒழுங்கா முடி முளைக்காது பாத்துக்கோ. அவ்வளவு கத்துக்கிட்டு என்ன செஞ்சா? நேர் எதிர்ல கடை போட்டா. போடட்டும், வேண்டாங்கல. என் போர்டப் பாத்தியா? தாரகை பியூட்டி பார்லர். அவ போர்டப் பாரு. நியூ தாரகை பியூட்டி பார்லர். அப்ப நான் என்ன, பழசா?

அன்னைக்கோட பேச்சுவார்த்தை நின்னுபோச்சு. கீழ கடை, மேல வீடு, அவளுக்கும் அப்படித்தான், எனக்கும் அப்படித்தான். சன்னலத் தொறந்தா சன்னல். ஆனா நான் அந்தப் பக்கம் திரும்பறதே இல்ல. அவ காலைல இட்லி சாப்பிட்டாளா, தோசையா, என்ன பூ வச்சிருக்கா, லாரிக்குப் போன புருசன் ராயப்பன் போன் பண்ணினானா, எதையும் நான் கண்டுக்கறது கிடையாது. தோசைதான் அவளுக்குப் பிடிக்கும். அதுவும் முறுகலா.

போன ஆவணியில ஆரம்பிச்சுது. முகூர்த்த சீசன். ஒரு நாள் காலைல பால்காரர் வர்றதுக்கு முந்தியே அவ கடை தொறந்திருக்கு. பாட்டு வேற, தெருக்கோடி வரைக்கும் கேக்குது. வாசல்ல ஒரு அட்டை: 'ஃபேஷியல் இலவசம்.' எனக்குச் சுருக்குன்னுச்சு. என் வியாபாரத்தக் கெடுக்கறதுக்கே பண்றான்னு நினைச்சேன். நான் விடுவேனா? 'புருவம் எடுத்தால் ப்ளீச்சிங் இலவசம்'னு நானும் ஒரு அட்டை மாட்டினேன். மறுநாள் அவ மெஹந்தி இலவசம்னா. நான் ஹேர் கட் இலவசம்னேன். என் கடையில எனக்கே நிக்க இடமில்ல. பத்துப் பைசா பாக்காம நான் இடுப்பொடிய வேலை பாக்கறேன். அவ என்னடான்னா பம்பரமா சுத்தறா, களைப்புங்கறதே இல்ல. என்ன மாத்திரை சாப்பிடறாளோ, நமக்கும் ஒண்ணு கிடைச்சா தேவலையேன்னு கூட நினைச்சேன்.

இந்தா, அசையாத. சிரிச்சா புருவம் கோணிக்கும்.

அப்புறம் நகை. கல்யாணப் பொண்ணுங்களுக்கு வாடகைக்கு விடறதுக்கு செட்டு செட்டா கவரிங் நகை வச்சிருந்தா. அத எடுத்துத் தெருவுல போறவங்க வர்றவங்களுக்கெல்லாம் மாட்டிவிட ஆரம்பிச்சுட்டா. முனையில வாழைப்பழம் விக்கிற அம்மா ஒட்டியாணத்தோட உக்காந்து வாழைப்பழம் விக்குது! நான் என்ன நினைச்சேன் தெரியுமா? சரி, இவ கவுன்சிலர் எலெக்‌ஷனுக்கு நிக்கப் போறான்னு நினைச்சேன்.

பொறுக்க முடியாம நேராப் போய்க் கேட்டுடறதுன்னு தெருவத் தாண்டிப் போனேன். பேச்சு நின்ன பிறகு அன்னைக்குத்தான் முதல் தடவ. சண்டைக்குத் தயாரா இடுப்புல முந்தானையச் சொருகிட்டுப் போறேன், அவ ஓடி வந்து கட்டிப் பிடிச்சுக்கிட்டா. "அக்கா! நாம ரெண்டு பேரும் சேந்து துபாய்ல கடை போடறோம், சிங்கப்பூர்ல போடறோம், பாரிஸ்ல போடறோம்! எல்லாம் பேசி முடிச்சாச்சு!" மூச்சு விடாம பேசறா. ஒரு பேச்சு முடியறதுக்குள்ள அடுத்த பேச்சு. நானும் மடச்சி மாதிரி, "எந்த பாரிஸு, மெட்ராஸ்ல இருக்கற பாரிஸா?"ன்னு கேட்டேன். அதுவும் போதாதுன்னு, "கடைக்கு யார் வச்ச பேர வைக்கறது?"ன்னு கேட்டேன். அவ கண்ணப் பாத்திருக்கணும் நான். கண்ணு பூரா சிவந்து, தூங்காத கண்ணு. நான் பாக்கல. பேர் விசயத்துலயே நின்னேன்.

அடுத்த ரெண்டு மூணு நாள்ல ஒரு மத்தியானம். கடையில யாருமில்ல. கதவத் தள்ளிக்கிட்டு வந்தா. நீ இப்ப உக்காந்திருக்கியே, இதே நாற்காலியில வந்து உக்காந்தா. தலைய நிமித்தினா. ஒரு பக்கம் புருவமே இல்லம்மா. சுத்தமா இல்ல. இன்னொரு பக்கம் வில்லு மாதிரி இருக்கு, இந்தப் பக்கம் வெறும் தோல். எவ கை வச்சா இப்படின்னுதான் எனக்கு முதல்ல கோவம் வந்துச்சு. தொழில் கோவம். அப்புறம் அவ கையப் பாத்தேன். விரல்ல இன்னும் நூல் சுத்தியிருக்கு. ரயில்ல உக்காந்துகிட்டு கூடப் புருவம் எடுப்பா அவ, அந்தக் கையாலயே தன் புருவத்த வழிச்சுட்டு வந்திருக்கா.

"அக்கா, தலைக்குள்ள கல்யாண வீட்டு மைக் செட்டு ஓடுது. ஒண்ணு இல்ல, பத்து. நிறுத்த முடியல. நிறுத்திவிடுங்கக்கா."

"தலைக்கு எண்ணெய் வச்சுக் குளிச்சியாட்டி?"ன்னேன்.

"மொட்டை மாடிச் சுவர்ல ஏறி நின்னேன்கா. அந்த கரண்டு கம்பி மேல நடந்தே உங்க வீட்டுக்கு வந்துடலாம்னு தோணுச்சு. நிசமாவே முடியும்னு தோணுச்சு. ஒரு கால வச்சுட்டேன். அப்ப உங்க சன்னல்ல நீங்க என்னையே பாத்துட்டு நிக்கறது தெரிஞ்சுது. இறங்கிட்டேன்."

நான் ஒண்ணும் அவளப் பாத்துட்டு நிக்கல. துணி காயுதான்னு பாத்துட்டு நின்னேன். அவ சுவர்ல நின்னது கூட எனக்குத் தெரியாது. அவ கையப் பிடிச்சேன். பிடிச்ச கைய விடல.

அதுக்குள்ள தெருவுல நாலு பேர் சேந்துட்டாங்க. ஆளாளுக்கு ஒரு கோயில் சொன்னாங்க, ஒரு தர்கா சொன்னாங்க. ஒரு அம்மா, அங்க கொண்டுபோய்க் கட்டிப் போட்டா தானா தெளிஞ்சுடும்னுச்சு. ராயப்பனுக்குப் போன் போட்டேன். நாக்பூர் பக்கம் எங்கயோ இருக்கான். "அக்கா, உள்ள வச்சுப் பூட்டிடுங்க. நான் லோட இறக்கிட்டு வந்துடறேன்"னான். பூட்டிப் போட அவ என்ன கடையா?

வாடகைக் கார் பிடிச்சேன். பெரியாஸ்பத்திரிக்குப் போறோம்னு அவகிட்ட சொல்லல. "வா, புருவத்துக்கு மருந்து வாங்கிட்டு வரலாம். ஏதோ கிரீம் ஒத்துக்கல"ன்னு சொன்னேன். எப்படி யோசனை? சமயத்துல எனக்கு மூளை நல்லா வேலை செய்யும். ஓடற வண்டியில கதவத் தொறந்துட்டான்னா என்ன பண்றதுன்னு அவ முந்தானையையும் என் முந்தானையையும் சேத்து முடிச்சுப் போட்டு மடியில வச்சுக்கிட்டேன். டிரைவர் கண்ணாடியில பாக்கறாரு. "காத்துக்குப் பறக்குதுப்பா"ன்னேன். கண்ணாடியெல்லாம் ஏத்தி ஏசி ஓடுது. வழி நெடுக அவ பாடிக்கிட்டு வந்தா. நடுவுல டிரைவருக்கு வறண்ட சருமம், கத்தாழை தடவணும்னு பாடம் வேற.

ஆஸ்பத்திரியில நேரா தோல் பிரிவு வரிசையில போய் நின்னோம். பின்ன? புருவம் தோல் மேலதான இருக்கு? உள்ள இருந்த டாக்டர் அவ முகத்தப் பாத்தாரு, அவ பேசறதக் கொஞ்ச நேரம் கேட்டாரு. அவர் தலையில பொடுகு இருக்குன்னு அவ அவருக்கு வைத்தியம் சொல்லிட்டிருந்தா. அவரு கோவப்படல. சீட்டுல எழுதி, "மாடியில மனநலப் பிரிவு இருக்கும்மா, அங்க காட்டுங்க. நான் போன் பண்ணிச் சொல்லிடறேன்"னாரு.

எனக்கு வந்துச்சே ஆத்திரம்! "டாக்டர், நாங்க புருவத்துக்கு வந்திருக்கோம். இவ தொழில் பண்றவ, பைத்தியம் கியித்தியம்னு பேர் கட்டிடாதீங்க"ன்னு சத்தம் போட்டேன். அமலி என் கையப் பிடிச்சு இழுத்தா. மெதுவாச் சொன்னா: "அக்கா, எனக்கும் அங்கதான் போகணும்னு தோணுது. நீங்க புருவம்னு சொன்னதும், உங்களுக்கு மனசு கஷ்டமாயிடுமேன்னுதான் நான் ஒண்ணும் சொல்லல."

பாரு. அவ்வளவு மைக் செட்டுக்கு நடுவுல அவளுக்கு இது தெரிஞ்சிருக்கு.

மாடியில ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. கையே படாத புருவம், ரெண்டும் நடுவுல சேந்தே கிடக்கு. பாத்ததும் எனக்கு நூல எடுத்துரலாமான்னு கை துடிச்சுது. ஆனா நல்ல பொண்ணு. அமலிய முதல்ல பேச விட்டுச்சு. குறுக்க பேசல, சிரிக்கல, மிரட்டல. தண்ணி குடுத்துச்சு. அப்புறம் என்கிட்டக் கேட்டுச்சு.

"எத்தன நாளா இப்படி இருக்காங்க?"

சொன்னேன். எப்ப கடையச் சீக்கிரம் தொறக்க ஆரம்பிச்சா, என்னைக்கு லைட்ட அணைக்காம விட்டா, எப்ப தோசைய நிறுத்தினா, எப்ப வெறும் டீயா குடிக்க ஆரம்பிச்சா, போன வருசம் கோடையில இதுக்கு நேர்மாறா ஒரு மாசம் கடையே தொறக்காம, தலை கூட வாராம படுத்துக் கிடந்தா, அப்ப சன்னல் கூடத் தொறக்கல, எல்லாத்தையும் சொன்னேன். டாக்டரம்மா எழுதிக்கிட்டே வந்துச்சு. அந்தக் கோடை விசயத்தக் கேட்டதும் பேனாவ நிறுத்திட்டு, "இது ரொம்ப முக்கியம்மா. நல்ல வேளை சொன்னீங்க. கூட இருக்கறவங்க கூட இவ்வளவு கவனிக்க மாட்டாங்க. நீங்க இவங்களுக்கு என்ன வேணும்?"னுச்சு.

"எனக்கும் அவளுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது டாக்டர்"னேன்.

அது என்னைப் பாத்துச்சு. "ராத்திரி பூரா லைட் எரிஞ்சுதுன்னு சொன்னீங்களே. அப்ப நீங்களும் தூங்கலையா?"

கேள்வியப் பாரு! நோயாளி அவளா, நானா?

டாக்டரம்மா அமலிகிட்டயே நேரடியா விளக்கிச் சொல்லுச்சு. இது மனசுல ஏத்தம் இறக்கம் வர்ற ஒரு நோய், சக்கர வியாதி, பிரசர் மாதிரி இதுக்கும் மருந்து இருக்கு, முதல்ல தூங்கணும், இங்கயே தங்கிப் பாத்துக்கலாம், சம்மதமான்னு கேட்டுச்சு. அமலி, "தூங்க வச்சுடுவீங்களா?"ன்னா. "வச்சுடறோம்"னுச்சு. கையெழுத்துப் போட்டுக் குடுத்தா. கூட ஒரு ஆள் தங்கணும்னாங்க. ராயப்பன் வர வரைக்கும் வேற யாரு இருக்கா? முகூர்த்த நாள்ல கடையப் பூட்டிப் போட்டுட்டு நான் உக்காந்தேன். பெரிய மனசெல்லாம் ஒண்ணுமில்ல. முந்தானை முடிச்ச அவிழ்க்கவே முடியல, அவ்வளவு இறுக்கமா போட்டிருக்கேன்.

வார்டுக்குள்ள போறப்ப நர்சம்மா என் பையச் சோதிச்சு, கத்தரியை வாங்கி வச்சாங்க. சரி. நூல்கண்டையும் வாங்கி வச்சாங்க. "இது என் தொழில்மா"ன்னேன். "போறப்ப வாங்கிக்கோங்கம்மா, இங்க எல்லாருக்கும் ஒரே சட்டம்"னாங்க. நூல் இல்லாத கைய வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்? கட்டிலுக்குக் கட்டில் போய், யார் தலை சிக்கு விழுந்து கிடக்குதோ அவங்களுக்கு வாரிவிட்டேன். ஒரு டீச்சரம்மா இருந்தாங்க, யார்கிட்டயும் பேச மாட்டாங்க. சடை போட்டுவிட்டதும் தடவிப் பாத்துட்டு, "இன்னும் கொஞ்சம் தளத்தி"ன்னாங்க. நர்சம்மா ஓடி வந்து, "பேசினாங்களா?"ன்னு கேட்டாங்க. எல்லா கஸ்டமரும் இப்படித்தான் குறை சொல்லுவாங்கன்னேன்.

ஊசி போட்டதும் அமலி தூங்கினா பாரு. அப்படி ஒரு தூக்கம். அன்னைக்குத் தூங்கினா, மறுநாளும் தூங்கினா. இடையில எழுப்பிக் கஞ்சி குடுத்தா குடிச்சுட்டுத் திரும்பவும் தூங்கினா. எனக்குப் பயம். மூக்குக்கிட்ட விரல வச்சுப் பாப்பேன். நர்சம்மாவப் போய்க் கூப்பிடுவேன். திரும்பத் திரும்பக் கூப்பிட்டதுல, "அவங்க நல்லாத்தான் தூங்கறாங்க. நீங்க முதல்ல படுங்க. இல்லேன்னா உங்களுக்கும் ஒரு கட்டில் போட வேண்டி வரும்"னு அதட்டிட்டாங்க. இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்குப் பெரியவங்கன்னா மரியாதையே இல்ல.

ராயப்பன் வந்து சேந்தான். வந்தவன் பொண்டாட்டியப் பாக்கறதுக்கு முந்தி சுத்தி முத்தி யார் யார் இருக்காங்கன்னு பாக்கறான். "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடறேன்கா. ஊர்ல தெரிஞ்சா என்ன சொல்லுவாங்க?"

நான் வாயத் தொறக்கறதுக்குள்ள கட்டில்ல இருந்து அமலி கண்ணத் தொறந்தா. பேச்சு குழறுது, ஆனா தெளிவாச் சொன்னா: "நீங்க வேணா போங்க. நான் தூங்கி முடிச்சுட்டு வரேன்."

அவன் அப்படியே கட்டில் ஓரத்துல உக்காந்துட்டான். கொஞ்ச நேரம் கழிச்சு அவ காலப் பிடிச்சுவிட்டான். நல்ல பையன்தான். பயந்துட்டான்.

ஊர் வாய அடைக்கற பொறுப்ப நான் எடுத்துக்கிட்டேன். அமலி வேளாங்கண்ணிக்கு வேண்டுதலுக்குப் போயிருக்கான்னு தெரு பூரா சொல்லிட்டேன். வேளாங்கண்ணின்னா யாரு குறுக்குக் கேள்வி கேக்கப் போறா? அவன் அவளோட இருந்ததால நான் இடையில இங்க வந்து, அவ தூக்கிக் குடுத்த நகையெல்லாம் வீடு வீடாப் போய் வாங்கிட்டு வந்தேன். அந்த வாழைப்பழக்கார அம்மா ஒட்டியாணத்தக் கழட்ட மனசில்லாம ஒரே அழுகை. அவ பேசி வச்சிருந்த கல்யாணப் பொண்ணுங்களுக்கும் நானே போய் அலங்காரம் பண்ணிவிட்டேன். பாவம் பாத்து இல்ல. கெட்ட பேரு வந்தா இந்தத் தெரு பார்லருக்கே வரும், எனக்கும் சேத்து.

இந்தப் பக்கம் முடிஞ்சுது. எரியுதா? இந்தா, பஞ்சு. கொஞ்சம் ஒத்திக்கோ.

வீட்டுக்கு வந்துட்டா. ஆனா வந்தது அமலியே இல்லம்மா. மாத்திரைக்கு மந்தமா, மெதுவா நடக்கறா. மனசுக்குள்ள கூனிக் குறுகிக் கிடந்தா. "யார் யாருக்கு என்னென்ன குடுத்தேன்கா? என்னென்ன பேசினேன்?"ன்னு கேப்பா. "ஒண்ணுமில்லட்டி, நாலு பேருக்கு ஃபேஷியல் பண்ணின, அவ்வளவுதான்"ம்பேன். அத விடு. நான் என்ன சொன்னாலும் "சரிக்கா"ங்கறா. கடைய ஆறு மணிக்கு மூடிட்டுத் தூங்கப் போடின்னா, "சரிக்கா." அந்த லிப்ஸ்டிக் கம்பெனி மட்டம், நான் சொல்றத வாங்குன்னா, "சரிக்கா." உன் சன்னல் திரை நல்லால்லன்னேன். அவ ஆசை ஆசையா வாங்கின திரை. "சரிக்கா, மாத்திடறேன்."

அடுத்த தடவ ஆஸ்பத்திரிக்குப் போனப்ப டாக்டரம்மாகிட்ட நேராக் கேட்டுட்டேன். "என்ன மருந்து குடுக்கறீங்க? இவ சண்டையே போட மாட்டேங்கறா."

டாக்டரம்மா, "சண்டை போடலேன்னு கம்ப்ளைண்ட்டா?"னுச்சு.

"பின்ன? அவ குணமே அதுதான் டாக்டர். குணத்தக் காணோம்."

அது சிரிக்கல. அமலிகிட்ட ரொம்ப நேரம் பேசுச்சு. ரத்தம் எடுத்துப் பாத்துச்சு. ஒரு மாத்திரைய மட்டும் குறைச்சுச்சு. "அவங்க அவங்களா வர்றதுக்குக் கொஞ்ச நாள் ஆகும். ஆனா நல்லாயிட்டோம்னு நினைச்சு மருந்த மட்டும் நிறுத்திடக் கூடாது. நேரத்துக்குத் தூக்கம். உங்களுக்குத்தான் முன்னாடியே அறிகுறி தெரியும், பாத்துக்கோங்க"ன்னுச்சு. அதுல இருந்து நானும் ஆறு மணிக்கே மூடிடறேன். ஆறுக்கு மேல யாவாரமும் ஒண்ணும் பெருசா இல்ல.

போன வெள்ளிக்கிழமை. நான் ஒரு அம்மாவுக்கு டை அடிச்சுட்டிருக்கேன். கதவு படார்னு தொறந்துச்சு. அமலி. இடுப்புல முந்தானை. புருவம் முழுசா வளந்து வில்லா நிக்குது, அதுல ஒண்ணு மேல ஏறி நிக்குது.

"நான் வேளாங்கண்ணிக்குப் போனேன்னு யார் சொன்னது?"

"ஏட்டி, மெதுவா…"

"தெருவுல ஒரு ஆள் விடாம மாதா கோயில் எண்ணெய் கேக்குது! எங்க போய் எடுத்துக் குடுக்க? கடைத் தேங்காண்ணெய் பாட்டில்ல ஊத்தியா குடுக்க? நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். உடம்புக்குச் சரியில்ல, போனேன். தலைன்னா அது உடம்பு இல்லையா? மறைக்கறதுக்கு நான் என்ன திருடிட்டாப் போனேன்?"

"உனக்கு நல்லதுக்குத்தான…"

"என் நல்லத நான் பாத்துக்குவேன்! எல்லாத்துலயும் மூக்க நுழைக்காதீங்க. இன்னொண்ணு, என் சன்னல் திரை நல்லாத்தான் இருக்கு. மாத்த மாட்டேன்!"

டை அடிச்சுட்டிருந்த அம்மா நெத்தி பூரா கறுப்பு. தெருவுல கூட்டம். நானும் சும்மா விடல. "நன்றி கெட்டவளே, என் கால் முடியெல்லாம் போச்சுடி உன்னால"ன்னு நாலு வார்த்தை நல்லாக் கேட்டுட்டேன். கேக்கலேன்னா அவளுக்கு நல்லா இருக்காது. அவளும் விடல. போறப்ப வாசல்ல நின்னு, "இனி யார் கேட்டாலும் உண்மையச் சொல்லுங்க. நாளைக்கு வேற ஒருத்திக்கு இப்படி வந்தா அவளும் எங்க போகணும்னு தெரியணும்ல?"ன்னு சொல்லிட்டுப் போனா.

அவ போனதும் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். ஏதாவதுன்னா கூப்பிடச் சொல்லி நம்பர் குடுத்திருந்துச்சு. இத விட ஏதாவது என்ன வேணும்?

"டாக்டர், அமலி சண்டை போட்டுட்டா."

"ராத்திரி தூங்கறாங்களா?"

"ஒம்பதுக்கெல்லாம் தூங்கிடறா."

"மாத்திரை?"

"என் கண்ணு முன்னாடிதான் போடறா. சன்னல்ல காட்டிட்டுப் போடறா."

"சண்டையில என்ன சொன்னாங்க?"

எல்லாத்தையும் ஒண்ணு விடாமச் சொன்னேன். திரை வரைக்கும். அந்தப் பக்கம் ஒரு சிரிப்புச் சத்தம். "ரொம்ப நல்ல சண்டைம்மா. அவங்க சொன்னதுல ஒரு தப்பும் இல்ல." அப்புறம் கொஞ்சம் நிறுத்தி, "நீங்க எப்படி இருக்கீங்க?"ன்னுச்சு.

எனக்கென்ன? கல்லு மாதிரி இருக்கேன். அதத்தான் சொல்ல வந்தேன். வாயத் தொறந்தா சத்தம் வரல பாத்துக்கோ. ஹலோ, ஹலோன்னு அது கூப்பிட்டுக்கிட்டே இருக்கு. "டவர் இல்ல டாக்டர்"னு எப்படியோ சொல்லி வச்சுட்டேன்.

நிசமாத்தான்மா. இந்தத் தெருவுல டவர் சரியா கிடைக்காது. சரி, திரும்பு, அடுத்த பக்கம் எடுக்கலாம்.